இணைப்புச் சோதனைகளைப் பரிசீலிக்கும் அன்பர்களுக்கு



இரண்டு கிளைகளை ஒன்றாக்கும் வேலையைச் செய்கிற நிரலுக்கு, அது கிட் மென்பொருளின் மூலநிரலாகவே இருக்கட்டும், அதன்மேல் உங்கள் அலுவலகத்தில் எழுப்பிக்கொண்ட கருவியாக இருக்கட்டும், யாரேனும் ஒரு திருத்தம் அனுப்பினால், அதை வரிவரியாக நிறுத்திப் படித்து, மாறியின் பெயரிலிருந்து நினைவகக் கசிவு வரை துருவித் துருவிக் குற்றம் காண்கிற நீங்கள், அதே திருத்தத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற சோதனை ஸ்கிரிப்டை எட்டியதும், அது பச்சை காட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டுச் சம்மதக் கையெழுத்தை இட்டுவிடுகிறீர்கள். இந்தப் பழக்கம் தவறானது என்பது என் அபிப்பிராயம். வேறு எந்த நிரலில் இதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தாலும், இணைப்பு நிரலில் இது அபாயகரமானது என்று உறுதியாக நம்புவதால்தான், தனி மனிதர் எவருக்கும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

இணைப்பு என்னும் காரியத்தின் சுபாவத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு நிரல் ஓடும்போதே விழுந்து நொறுங்கினால் அது தன் தவறைத் தானே அறிவித்துவிடுகிறது. ஆனால், பொது மூதாதையான கமிட் ஒன்று, நம் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என மூன்றையும் முன்னே வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாறியதை ஏற்று, இரு பக்கமும் ஒரே விதமாக மாறியிருந்தால் அதையே ஏற்று, வெவ்வேறு விதமாக மாறியிருந்தால் மட்டும் முரண் என்று நிறுத்தி மனிதரைக் கூப்பிட வேண்டிய ஒரு நிரல், கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடாமல் தானாகவே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டால், அந்தத் தவறு ஓசையின்றி நிகழ்ந்து, ஓசையின்றியே சரித்திரத்தில் பதிந்துபோகிறது. அதைப் பின்னால் வருகிறவர் கண்டுபிடிப்பதும் சுலபமன்று. ஏனென்றால், மாற்றங்களையும் சேர்த்துக் காட்டும்படி கிட் லாக்கிடம் கேட்டால்கூட, இணைப்புக் கமிட்டுகளுக்கு மட்டும், தனியாக வற்புறுத்திக் கேட்டாலன்றி, அது எதையும் காட்டுவதில்லை. ஒருவர் பல நாள் பிரயாசைப்பட்டு எழுதிய பத்து வரிகள் இவ்விதம் மறைந்துபோனால், மறைந்தது தெரியவருவது வாடிக்கையாளரின் புகார் வந்த பிறகாக இருக்கலாம்.

இதிலும் கொடிய நஷ்டம் ஒன்று உண்டு. கமிட் செய்யப்பட்ட கோப்பையாவது களஞ்சியத்தின் அடியிலிருந்து தேடி எடுக்க வழியிருக்கிறது. இன்னும் கிட்டிடம் ஒப்படைக்கப்படாமல் வேலைக் கோப்புறையில் கிடக்கும் ஒரு கோப்பின் மேல் இணைப்பு எதையேனும் எழுதிவிட்டால், அதை மீட்டுத்தரக் கிட்டினால் ஆகாது. இப்படி ஒப்படைக்கப்படாத கோப்புகளை எந்தெந்தக் கட்டளைகள் அழித்துவிடக்கூடும் என்று ஆராய்வதற்கென்றே கிட்டின் சோதனைத் தொகுப்பில் டி2500 என்ற எண்ணுள்ள ஸ்கிரிப்ட் 2021-இல் தனியாக எழுதப்பட்டது. அதாவது மென்பொருள் பிறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்து, உலகெங்கும் பரவிவிட்ட பிறகும் அந்த அபாயம் முழுவதும் தீர்ந்திருக்கவில்லை. இத்தகைய நிரலுக்குக் காவலாக நிற்பவை அந்தச் சோதனை ஸ்கிரிப்டுகள்தாம். அவற்றை யார் காவல் செய்வது? நீங்கள்தான்.

நான் குறைப்படுவது எதைப் பற்றி என்று தெளிவாகச் சொல்கிறேன். முரண் ஏற்பட வேண்டிய ஒரு சந்தர்ப்பத்தைச் சோதிக்க வருகிறவர், இரண்டு கிளைகளை உண்டாக்கி, ஒரே வரியை இரண்டிலும் வெவ்வேறாக மாற்றி, பின்பு டெஸ்ட் மஸ்ட் ஃபெயில் என்ற துணைக் கட்டளைக்குள் கிட் மெர்ஜை வைத்து ஓட்டுகிறார். மெர்ஜ் தோற்கிறது, ஆகவே சோதனை ஜெயிக்கிறது. எல்லாம் கிரமமாகவே தோன்றும். ஆனால் கிளையின் பெயரில் ஓர் எழுத்தை அவர் தவறாக அடித்திருந்தால் என்ன ஆகும்? அப்படி ஒன்றை இணைக்க முடியாது என்று சொல்லி மெர்ஜ் அப்போதும் தோற்கும்; சோதனை அப்போதும் ஜெயிக்கும். முந்திய சோதனை முடிக்காமல் விட்டுச்சென்ற பாதி இணைப்பு ஒன்று அங்கே கிடந்தால், இன்னொன்றைத் தொடங்க மாட்டேன் என்று மெர்ஜ் மறுத்துத் தோற்கும். சோதனை அப்போதும் ஜெயிக்கும். நாளைக்கு ஒருவர் முரண் கண்டறியும் பகுதியையே அடியோடு பெயர்த்து எறிந்தால்கூட, அந்த எழுத்துப் பிழையின் புண்ணியத்தில் அந்தச் சோதனை அசையாமல் பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும். தோற்றது என்பதை மட்டும் சொல்லி, எதனால் தோற்றது என்பதைச் சொல்லாத சாட்சியை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது. நீங்கள் மட்டும் ஏன் ஏற்கிறீர்கள்?

இதற்குப் பரிகாரம் அரிதானதன்று. மெர்ஜ் தோற்ற பிறகு இண்டெக்ஸ் எந்த ஸ்திதியில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே கோப்பின் உள்ளடக்கத்தில் முரண் நேர்ந்திருந்தால் மூதாதைக்கு ஒன்று, நமக்கு இரண்டு, எதிர்ப்பக்கத்துக்கு மூன்று என்ற எண்களோடு மூன்று பதிவுகள் அங்கே இருக்க வேண்டும். ஒரு பக்கம் திருத்த மறுபக்கம் நீக்கியிருந்தால் இரண்டு பதிவுகளே இருக்கும். மூதாதையில் இல்லாத கோப்பை இரு பக்கமும் புதிதாகச் சேர்த்திருந்தாலும் இரண்டே, ஆனால் ஒன்றாம் எண் அங்கே இராது. எத்தனை பதிவுகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், எந்தெந்த எண், அதில் எந்த உள்ளடக்கம் என்பது வரைக்கும் சோதனை போக வேண்டும். வேலைக் கோப்புறையில் உள்ள கோப்பைப் பார்க்கும்போதும், முரண்குறிகள் எங்கேயாவது தென்படுகின்றனவா என்று ஒரு கிரெப் போட்டுத் திருப்தியடைவது போதாது. அந்தக் கோப்பு முழுவதும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். 2022-இல் கிட்டின் 2.38 பதிப்பில் மெர்ஜ் ட்ரீ கட்டளைக்குப் புதிய உருவம் வந்தபோது, சுத்தமாக இணைந்தால் பூஜ்யம், முரண் இருந்தால் ஒன்று, வேறு கோளாறானால் வேறு எண் என்று வெளியேறும் எண்ணையே பிரித்து வகுத்திருக்கிறார்கள். அங்கே வெறுமனே தோற்க வேண்டும் என்று கேட்கிற சோதனை, கொடுக்கப்பட்டிருக்கும் துல்லியத்தை வேண்டாமென்று தள்ளுகிற சோதனையாகும்.

ஷெல் மொழியிலும் இதே ஜாதிப் படுகுழிகள் பல உண்டு. கட்டளைக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு, அது தோற்றால் சரி என்று எழுதிவிடுவோர் இருக்கிறார்கள். அப்போது மெர்ஜ் முறையாக முரண் கண்டு நின்றாலும் சரி, நினைவகத்தை மிதித்துச் செத்து விழுந்தாலும் சரி, இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படும். டெஸ்ட் மஸ்ட் ஃபெயில் அந்தப் பேதத்தை அறியும்; சிக்னலால் மடிந்த நிரலை அது தோல்வியாக ஏற்காது. கிட்டின் வெளியீட்டைப் பைப் வழியாக வேறொரு கட்டளைக்கு அனுப்பினால், பைப்பின் கடைசிக் கட்டளை ஜெயித்ததா என்பதை மட்டுமே ஷெல் கவனிக்கும். முன்னால் இருந்த கிட் நொறுங்கியது யார் காதிலும் விழாது. கட்டளைகளை ஒன்றோடொன்று கோக்கும் இரட்டை ஆம்பர்ஸாண்டு ஓரிடத்தில் விட்டுப்போனால், அதற்கு மேலே நடந்த தோல்விகள் யாவும் மறக்கப்பட்டு, கடைசிக் கட்டளையின் பலனே சோதனையின் பலனாகிவிடும். இந்தக் கடைசிக் குற்றத்தைப் பிடிக்கக் கிட்டின் சோதனைச் சட்டகத்தில் 2015 முதல் ஓர் உபாயம் இருக்கிறது: 117 என்ற எண்ணோடு வெளியேறும் ஒரு கட்டளையைச் சங்கிலியின் தலையில் கோத்து ஓட்டிப் பார்ப்பார்கள்; சங்கிலி அறாமல் இருந்தால் 117-ஏ கடைசி வரை வந்து சேரும், வேறு எண் வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது என்று நிச்சயமாகிவிடும். இந்த உபாயத்தின் அழகை நான் பலமுறை வியந்திருக்கிறேன். என்றாலும், சங்கிலி அறாதிருப்பதை அதனால் சொல்ல முடியுமே தவிர, சங்கிலியில் கோத்திருப்பது அர்த்தமுள்ளதா என்று சொல்ல அதனால் முடியாது. அது உங்கள் வேலை.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே விநாடியில் உண்டான இரண்டு கமிட்டுகளுக்குள் எது முந்தியது என்பது நிச்சயமில்லாமல் போவதால், பொது மூதாதைகள் ஒன்றுக்கு மேற்பட்டிருக்கும் குறுக்குமறுக்கான சரித்திரங்களில் ஒரு சோதனை இன்று ஜெயித்து நாளை தோற்கலாம். அதைத் தவிர்க்கவே டெஸ்ட் டிக் என்ற துணைக் கட்டளை கடிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அழைக்கும்தோறும் அறுபது விநாடி நகர்த்துகிறது. அந்தக் கடிகாரம் தொடங்கும் கணம், 2005 ஏப்ரல் 7-ஆம் தேதி லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டின் முதல் கமிட்டைப் பதிந்த அதே கணம்தான் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஸ்கிரிப்டில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான்.

எதைச் சோதிப்பது என்ற கேள்வியிலேயே அறிவு பிசகிவிடக்கூடும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலில் சில கிளைகளை இணைத்தபோது, கெர்னல் முழுவதும் சார்ந்திருக்கும் எம்எம்.ஹெச் என்ற தலைப்புக் கோப்பின் உள்ளடக்கம் இணைப்புக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தும், கிட் அதை அனாவசியமாக மறுபடி எழுதிவிட்டதைக் கண்டார். உள்ளடக்கம் மாறாவிட்டாலும் கோப்பின் நேரம் மாறிவிட்டது. நேரம் மாறியதால் அதைச் சார்ந்த யாவற்றையும், அதாவது ஏறக்குறைய கெர்னல் முழுவதையும், மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று. இணைப்பின் முடிவில் கோப்புகளில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் ஆயிரம் இருந்தாலும் அவை இந்தக் குற்றத்தைக் கண்டிருக்க மாட்டா, ஏனென்றால் அவை கேட்ட கேள்விக்கு விடை சரியாகவே இருந்தது. அந்த விசாரணையின் பயனாக எழுந்த ஸ்கிரிப்ட் இன்று டி6426 என்ற எண்ணைத் தாங்கி நிற்கிறது. இணைப்புக்கு முன்பே கோப்பின் நேரத்தை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளிக் குறித்து வைத்துக்கொண்டு, இணைப்பு முடிந்ததும் அந்த நேரம் அசையாமல் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. தொடாமல் விட வேண்டியதைத் தொடாமல் விட்டதா என்று கேட்பதும் இணைப்புச் சோதனையின் தர்மம் என்பதை அந்த ஸ்கிரிப்ட் ஸ்தாபித்துவிட்டது. நீங்கள் பரிசீலிக்கும் எத்தனை ஸ்கிரிப்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன?

சோதனை நிரலுக்குத் துணைப்பொருள் என்று நினைப்போருக்கு இன்னொரு சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். 2005 முதல் இரு கிளைகளை இணைக்கும் பொறுப்பை வகித்துவந்த ரிகர்ஸிவ் என்ற முறைக்குப் பதிலாக, எலைஜா நியூரன் அடியிலிருந்து புதிதாக எழுதிய ஆர்ட் என்ற முறை, 2021 நவம்பரில் வந்த கிட்டின் 2.34 பதிப்பில் இயல்பான முறையாக அமர்த்தப்பட்டது. பதினாறு ஆண்டுகள் உழைத்த ஒரு நிரலை விலக்கி அந்த ஸ்தானத்தில் வேறொன்றை வைக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது? ஒரே சோதனை ஸ்கிரிப்டுகளை இரண்டு முறைகளின் மேலும் ஓட்டிப் பார்க்க வழி செய்து, பழைய முறை இதில் தோற்கும், புதிய முறை இதில் ஜெயிக்க வேண்டும் என்று ஒரே சோதனையின் தலையிலேயே இரண்டு எதிர்பார்ப்புகளையும் எழுதி வைத்து, ஒவ்வொரு வேறுபாட்டையும் விசாரித்துத் தீர்த்த பிறகே அந்த மாற்றம் நிகழ்ந்தது. நிரல் போய்விட்டது, அதற்கென்று எழுதிய சோதனைகள் நிலைத்து நின்று, வாரிசையும் பரீட்சித்தன. அந்தச் சோதனைகளில் பாதி எழுத்துப் பிழையால் பச்சை காட்டியவையாக இருந்திருந்தால் இந்த மாற்றத்தை எவர் நம்பியிருப்பார்? நீங்கள் இன்று கையெழுத்திடும் ஸ்கிரிப்டும், அது காக்கும் நிரல் மறைந்த பின்னர், உங்களை அறியாத ஒருவருக்குப் பிரமாணமாக நிற்கப் போவது.

நல்ல முன்மாதிரி வேண்டுவோர் கோப்புறைப் பெயர்மாற்றங்களைச் சோதிக்கும் டி6423 ஸ்கிரிப்டை ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் ஒவ்வொரு சோதனைக்கும் மேலே, மூதாதையில் எந்தக் கோப்புகள் எங்கே இருந்தன, முதற் கிளை அவற்றை என்ன செய்தது, இரண்டாம் கிளை என்ன செய்தது, ஆகையால் முடிவு எவ்வாறு இருக்க வேண்டும் என்பது நான்கைந்து வரிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் முதற் சோதனையில், ஒரு பக்கம் கோப்புறை முழுவதையும் பெயர் மாற்றிவிட, அதை அறியாத மறுபக்கம் பழைய கோப்புறையில் புதிய கோப்புகளைச் சேர்க்கிறது. அந்தப் புதியவையும் புதிய பெயருள்ள கோப்புறைக்கே வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பு. இதைப் படிக்கிறவர் ஷெல் கட்டளை ஒன்றைக்கூடப் பார்க்காமலே, அந்த எதிர்பார்ப்பு நியாயமா என்று வாதிட முடியும். பரிசீலனை ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். எதிர்பார்ப்பே தவறாக இருந்தால், அதைத் துல்லியமாக நிறைவேற்றும் நிரலால் என்ன பயன்? 2018-இல் தானாகவே நகர்த்திய கிட், 2019 முதல் இத்தகைய இடங்களில் முரண் என்று நிறுத்திப் பயனரைக் கேட்பதையே இயல்பாகக் கொண்டது என்பதைப் பாருங்கள். எது சரியான முடிவு என்பது அறிவாளிகளே மனம் மாற்றிக்கொள்ளும் அளவு கடினமான கேள்வி.

இதோடு சேர்ந்தது திசையின் விஷயம். முதற் கிளையில் நின்று இரண்டாவதை இணைத்தாலும், இரண்டாவதில் நின்று முதலாவதை இணைத்தாலும், முரணில்லாத இடத்தில் ஒரே கோப்புகள் கிடைக்க வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி. எனினும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திசையில் ஓட்டிவிட்டு அமைதியடைகிறார்கள். பெயர்மாற்றம் நம் பக்கம் நடந்திருந்தால் ஒரு வழியாகவும், எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் வேறு வழியாகவும் நிரல் செல்லக்கூடும் என்பதை அறிந்த நீங்கள், மறு திசை எங்கே என்று கேளுங்கள்.

என் மனத்தை மிகவும் வருத்துகிற ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. டெஸ்ட் எக்ஸ்பெக்ட் ஃபெயிலியர் என்று தொடங்கும் சோதனைகள், இன்ன குறை இருக்கிறது, இன்னும் நிவர்த்தியாகவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் உயர்ந்த உத்தேசத்தோடு ஏற்பட்டவை. ஆனால் அதற்குள் எந்தக் கட்டளை தோற்றாலும், முன்னேற்பாட்டிலேயே ஒரு கோப்பின் பெயரைத் தவறாக எழுதித் தோற்றாலும்கூட, அறிந்த குறை என்ற அதே அறிவிப்பே வருகிறது. குறை எப்போதோ தீர்ந்துபோயிருக்கலாம். ஸ்கிரிப்டில் உள்ள வேறொரு பிழை அதை இன்னும் குறையாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். ஆகையால் முன்னேற்பாட்டைத் தனிச் சோதனையாக, ஜெயிக்க வேண்டியதாகப் பிரித்து எழுதும்படி நீங்கள் வற்புறுத்த வேண்டும். தோற்க வேண்டிய பகுதியில் தோற்கவேண்டிய அந்த ஒரு கட்டளை மட்டும் தனித்து நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நேரமேது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பரிசீலனை பெரும்பாலும் ஊதியமில்லாத உழைப்பு. ஊதியம் பெறுகிறவர்களுக்கும் அது அளவிடப்படாத உழைப்பு. திருத்தம் எழுதியவருக்குக் கிடைக்கும் புகழில் பரிசீலித்தவருக்குப் பங்கில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால், நேரம் குறைவு என்று ஒப்புக்கொண்ட பிறகு அதை எங்கே செலவிடுவது என்ற கேள்வி எஞ்சுகிறதல்லவா? நிரலில் நீங்கள் காணாமல் விட்ட ஒரு பிழையை நல்ல சோதனை நாளை காட்டிக்கொடுக்கும். சோதனையில் நீங்கள் காணாமல் விட்ட பிழையைக் காட்டிக்கொடுக்க உங்களுக்குப் பின்னால் எவருமில்லை. மாறியின் பெயர் பற்றிய நாலு கடிதப் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. இனி இணைப்பைப் பற்றிய திருத்தம் ஒன்று உங்கள் முன் வந்தால், சோதனை ஸ்கிரிப்டை முதலில் திறவுங்கள். மூதாதை, இரு பக்கங்கள், எதிர்பார்க்கும் முடிவு ஆகிய நான்கும் சாமானியத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அங்கே எழுதப்படாவிட்டால், எழுதும்படி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். பின்பு, திருத்தத்திலிருந்து நிரலை விலக்கிவிட்டு ஸ்கிரிப்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய நிரலின் மேல் உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டுங்கள். அது தோற்கிறதா, தோற்றால் எந்த வரியில் தோற்கிறது, அந்த வரி திருத்தம் சரிசெய்ய வந்த குற்றத்தைத்தான் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். திருத்தத்தைச் சேர்த்த பின் நிரலில் அதன் உயிரான ஒரு நிபந்தனையைத் தலைகீழாக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பச்சை காட்டினால், அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்று தயங்காமல் எழுதுங்கள். கையெழுத்திடும்போது, 'பழைய நிரலில் இந்த வரியில் இந்தக் காரணத்தால் தோற்றதைப் பார்த்தேன்' என்ற ஒரு வாக்கியத்தைக் கையெழுத்தின் மேலே எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாத வரையில் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.

இதற்குமேல் அவகாசம் உள்ளவர்கள், தத்தம் களஞ்சியத்தில் அறிந்த குறை என்று குறிக்கப்பட்டு நெடுநாளாகக் கிடக்கும் இணைப்புச் சோதனைகளில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, அது இன்னும் சொன்ன காரணத்துக்காகத்தான் தோற்கிறதா என்று இந்த மாதத்திலேயே பார்த்து, கண்டதை அந்தச் சோதனையின் மேலேயே குறிப்பாக எழுதி வைக்க வேண்டுமென்றும் பிரார்த்திக்கிறேன்.